ஆதியாகமம், டைனோசர், நம் மலைப் பாறை

ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் டைனோசர் இல்லை. கங்காருவும் இல்லை, பெங்குவினும் இல்லை, நம் நீலகிரி மலையில் மேய்கிற வரையாடும் இல்லை. அவை ஏன் விடுபட்டன என்று யாரும் கேட்பதில்லை. டைனோசரைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள், அதுவும் பிள்ளைகள். ஓய்வுநாள் பாடசாலையில் சிருஷ்டிப்புப் பாடம் எடுத்தால் போதும், "டீச்சர், நோவா பேழையில டைனோசர் ஏறுச்சா?" என்று ஒரு கை எழும்பிவிடும். பள்ளிக்கூடத்தில் டைனோசர் அழிந்து 6.6 கோடி வருஷம் என்கிறார்கள், சபையில் உலகத்துக்கே வயது 6,000 வருஷம் என்கிறார்கள், இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை படுகிற பாட்டை நாம் கண்டுகொள்வதில்லை. "அதெல்லாம் கேட்கக் கூடாது, விசுவாசி" என்று உட்கார வைத்துவிடுகிறோம். அப்படி உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ காலேஜுக்குப் போன பிறகு ஆலயத்துப் பக்கமே வருவதில்லை. அது எனக்கு வலிக்கிறது. வேதத்தை விடாமல், பாறை சொல்வதையும் மறுக்காமல் பதில் சொல்ல முடியும் என்று உறுதியாக நம்புகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 6,000. வேதத்தில் எந்த வசனமும் பூமியின் வயதைச் சொல்லவில்லை. அயர்லாந்தில் அர்மா பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர், வம்ச வரலாறுகளில் உள்ள வயதுகளையும் அரசர்களின் ஆட்சிக் காலங்களையும் கூட்டிக் கழித்து, சிருஷ்டிப்பு நடந்தது கி.மு. 4004 என்று 1650-இல் எழுதினார். அவர் பெரிய அறிஞர், அக்கறையாகச் செய்த வேலை அது. ஆனால் 1701-இலிருந்து ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்தத் தேதியை அச்சடிக்க ஆரம்பித்தார்கள், அப்புறம் தலைமுறை தலைமுறையாக ஓரத்தில் இருந்ததும் வசனமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஒரு மனிதர் போட்ட கணக்கு அது. அதை மறுப்பவர் வேதத்தை மறுப்பதாக ஆகாது.

இப்போது நம் காலடியைப் பார்ப்போம். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது, போகிறவர்கள் எல்லாரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதன் வயது சுமார் 2 கோடி வருஷம். பார்த்தால் மரம், தொட்டால் பாறை. மரம் மண்ணில் புதைந்து, சிலிக்கா கலந்த நீர் அதன் நாரிழைகளுக்குள் ஊறி, மரத்தின் பொருள் போய்க் கல் வந்து உட்கார்ந்து, அப்படியும் மரத்தின் உள் அமைப்பு கெடாமல் நிற்கிறது. பிள்ளைகளுக்கு 2 கோடி என்றால் பிரமிப்பு. ஆனால் இந்த மலையில் அதுதான் சின்னப் பிள்ளை. தொட்டபெட்டாவிலும் கோத்தகிரி சரிவுகளிலும் தேயிலைக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் கருத்த பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருப்பதும் இந்த வகைக் கல்தான், பெயர் அங்கிருந்து வந்தது. நீலகிரியின் சார்னோக்கைட் சுமார் 250 கோடி வருஷங்களுக்கு முன், பூமிக்கடியில் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. அன்றைக்கு விலங்கு என்று ஒன்றே கிடையாது, நுண்ணுயிர்கள் மட்டும்தான். "நம்ம ஊர்ல தோண்டினா டைனோசர் எலும்பு கிடைக்குமா" என்று கேட்கும் பிள்ளைக்கு இதுதான் பதில்: கிடைக்காது கண்ணு, டைனோசர் வருவதற்கு 200 கோடி வருஷங்களுக்கும் முன்னாலேயே நம் பாறை உண்டாகிவிட்டது.

இதைவிட எளிதாகப் புரிவது நம் புல்வெளிச் சதுப்புகள். மேல் நீலகிரியில் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே பள்ளத்தில், மிதித்தால் பஞ்சு போல அமுங்கும் கறுப்பு மண் இருக்கும். அது செத்த புல்லும் இலையும் தண்ணீரில் முழுதாக மக்காமல் வருஷா வருஷம் அடுக்கடுக்காகப் படிந்தது. சூழலியல் அறிஞர் ராமன் சுகுமாரும் அவரோடு வேலை செய்தவர்களும் இந்த மண்ணை ஆழம் ஆழமாக எடுத்து ஆராய்ந்து 1993-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். அடியில் உள்ள மண்ணின் வயது ஏறக்குறைய 20,000 வருஷம். கார்பனின் வகைகளை அளந்து, எந்தக் காலத்தில் இங்கே வறட்சியைத் தாங்கும் புல் ஓங்கியிருந்தது, எந்தக் காலத்தில் ஈரம் விரும்பும் செடிகொடிகள் ஓங்கியிருந்தன என்றுகூடச் சொல்ல முடிந்தது. பனியுகம் உச்சத்தில் இருந்தபோது நம் மலை வறண்டு கிடந்திருக்கிறது, பிற்பாடு மழை வலுத்திருக்கிறது. கோடிக்கணக்கெல்லாம் வேண்டாம், இந்தச் சதுப்பு மண் மட்டுமே 6,000 என்ற கணக்கைத் தாண்டிவிடுகிறது.

"கார்பன் டேட்டிங் எல்லாம் தப்பு" என்று ஒரு பேச்சு சபைகளில் அடிக்கடி வரும். கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 வருஷம் ஆகும், ஆகவே சுமார் 50,000 வருஷத்துக்கு மேல் அளக்க ஒன்றும் மிஞ்சாது. டைனோசருக்கு அதை யாரும் பயன்படுத்துவதே இல்லை. பழைய பாறைகளுக்கு யுரேனியம் ஈயமாவதையும் பொட்டாசியம் ஆர்கானாவதையும் அளக்கிறார்கள். யுரேனியம்-238 பாதியாக 447 கோடி வருஷம் ஆகிறது. வெவ்வேறு தனிமங்கள், வெவ்வேறு வேகங்கள், வெவ்வேறு ஆய்வகங்கள், ஆனால் ஒரே பாறைக்கு வருகிற விடை ஒத்துப்போகிறது. இந்தச் சிதைவு எவ்வளவு நம்பகமானது என்று புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கோபால்ட் மெஷின் வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். கோபால்ட்-60 சுமார் 5.27 வருஷத்தில் பாதியாகிறது, அந்தக் கணக்கை வைத்துத்தான் நோயாளிக்கு எத்தனை நிமிஷம் கதிர் கொடுப்பது என்று கூட்டுகிறார்கள். நம் அம்மாவை அந்த மெஷினுக்கு அடியில் படுக்க வைக்கும்போது அந்த இயற்பியலை நம்புகிறோம். பாறை என்று வந்தால் மட்டும் அதே இயற்பியலைப் பொய் என்பது நியாயமில்லை.

டைனோசரைத் தேடுகிறவர்கள் மலையை விட்டு இறங்கி அரியலூர் பக்கம் போக வேண்டும். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் அந்தப் பூமி, சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் கடல். காரை பக்கத்துச் செம்மண் ஓடைகளில் கடல் உயிரிகளின் சுவடு கிடைக்கிறது, சுருண்ட ஓடுள்ள அம்மோனைட் கிடைக்கிறது. 2020-இல் குன்னம் அருகே உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது, பிறகு நிபுணர்கள் அவை முட்டை இல்லை என்று விளக்கினார்கள். ஆனால் நிஜமான எலும்பும் அந்த வட்டாரத்தில் உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களின் கடைசியில் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரை விவரித்தார்கள். மழையில் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன, இன்று கையில் இருப்பது படங்களும் குறிப்புகளும்தான். அது எத்தனை பெரியது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. இருந்தாலும் தரையில் நடந்தவற்றில் மிகப் பெரிய விலங்குகளின் வரிசையில் நம் தமிழ்நாட்டுப் பெயர் ஒன்று நிற்கிறது.

சிலர் இவை எல்லாம் நோவா காலத்து ஜலப்பிரளயத்தில் புதைந்தவை என்பார்கள். 1961-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து பரவிய விளக்கம் இது. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் 92 டைனோசர் கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக 2023-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. கூடு என்றால் தாய் விலங்கு வந்து, குழி பறித்து, முட்டையிட்டுப் போன இடம். உலகத்தையே மூடிய வெள்ளத்துக்கு நடுவில் அதற்கு எங்கே நிதானம் இருந்திருக்கும்? நோவாவின் கதை பாவத்தையும் நியாயத்தீர்ப்பையும் உடன்படிக்கையையும் பேசுகிறது, அந்த அர்த்தத்தில் எனக்கு அது மிகவும் அருமையானது. எலும்புகள் எப்படிப் புதைந்தன என்பதை விளக்கும் பாரத்தை அதன்மேல் ஏற்றியவர்கள் நாம்தான்.

அடுத்தது பிகெமோத். யோபு 40-இல் வருகிற அந்த மிருகம் டைனோசர்தான் என்று பல ஊழியக்காரர்கள் பிரசங்கிக்கிறார்கள். அதன் வால் கேதுரு மரத்தைப் போல நீள்கிறது, அது மாட்டைப் போல் புல்லைத் தின்னும் என்று இருக்கிறது. இதற்கு இன்னொரு சங்கதியையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்: மகாராஷ்டிராவில் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிப்போன டைனோசர் சாணத்தில் புல்லின் தடயம் இருந்ததை 2005-இல் கண்டுபிடித்தார்கள், ஆகவே டைனோசர் புல் தின்றது உண்மைதான். ஆனாலும் அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. அதே பகுதியைத் தொடர்ந்து படியுங்கள். அந்த மிருகம் நாணல் மறைவிலும் சேற்றிலும் படுத்துக் கிடக்கிறது, யோர்தான் பெருகி முகத்தில் மோதினாலும் அசைவதில்லை. ஆற்றில் கிடக்கும் நீர்யானை கண்முன்னே வரவில்லையா? நீர்யானையை வைத்துக் கவிதையாகப் பெருக்கிச் சொல்லப்பட்டது என்பது பல வேத அறிஞர்களின் கருத்து, எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அங்கே கர்த்தர் யோபுவுக்கு விலங்கியல் பாடம் நடத்தவில்லை, வேதனையில் இருக்கிற ஒரு மனிதனோடு பேசிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் டைனோசரைத் தேடி வசனத்தைக் கிளறுவது யோபுவுக்குச் செய்கிற அநியாயம்.

சரி, ஆறு நாள்? இதைச் சரிக்கட்ட நல்ல மனதோடு பல வழிகள் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு நீண்ட யுகம் என்பது ஒன்று. "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போலவும்" என்ற பேதுருவின் வசனத்தை இதற்குக் காட்டுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வரிசை பொருந்தவில்லை. கனிமரங்கள் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள், பறவை ஐந்தாம் நாள், தரை மிருகங்கள் ஆறாம் நாள். அறிவியலில் சூரியன் பூமிக்கு முந்தியது, கனிமரம் மீனுக்கு வெகு காலம் பிந்தியது, பறவையோ டைனோசர் வம்சத்தில் பிறகு வந்தது. நாளை எத்தனை கோடி வருஷமாக இழுத்தாலும் வரிசை மாறாது. முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது, டைனோசர் எல்லாம் அதற்குள் வாழ்ந்து அழிந்தது என்பது மற்றொன்று. அந்த இடைவெளி வசனத்தில் இல்லை, வசதிக்காக நாம் வைத்தது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடம். தேவன் உலகத்தைப் பழையது போலத் தோன்றும்படியே படைத்தார் என்பார்கள். 1987-இல் ஒரு நட்சத்திரம் வெடித்ததை வானியலாளர்கள் பார்த்தார்கள், அது இருப்பது சுமார் 1,68,000 ஒளியாண்டு தூரத்தில், அதாவது அதன் வெளிச்சம் நம்மிடம் வந்து சேரவே அத்தனை வருஷம் ஆகும். உலகத்துக்கு வயது 6,000 என்றால், நடக்கவே நடக்காத ஒரு வெடிப்பின் வெளிச்சத்தைத் தேவன் வழியில் வரைந்து வைத்து நமக்குக் காட்டினார் என்று ஆகும். பொய்யுரையாத தேவன் என்று தீத்துவில் படிக்கிறோம், வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்று சங்கீதத்தில் பாடுகிறோம். வானமே பொய் சாட்சி என்றால் அந்தச் சங்கீதத்தை எந்த வாயால் பாடுவது?

எனக்குத் தெரிந்து நேர்மையான வழி, அந்த அதிகாரத்தை அது எழுதப்பட்ட காலத்து ஜனங்களின் காதோடு கேட்பது. முதல் மூன்று நாளும் இடங்கள்: ஒளியும் இருளும், ஆகாயமும் தண்ணீரும், நிலமும் பயிரும். அடுத்த மூன்று நாளும் அந்த இடங்களை நிரப்புபவை: நான்காம் நாள் சுடர்கள், ஐந்தாம் நாள் பறவையும் மீனும், ஆறாம் நாள் மிருகங்களும் மனுஷரும். முதல் நாளுக்கு நான்காம் நாள் ஜோடி, இரண்டாம் நாளுக்கு ஐந்தாம் நாள், மூன்றாம் நாளுக்கு ஆறாம் நாள். காலவரிசைக் குறிப்பு இப்படி அமையாது, வழிபாட்டில் வாசிக்கிற ஒரு பாடல் இப்படி அமையும். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி வந்தது என்ற சிக்கலும் இங்கே தானாகத் தீர்ந்துவிடுகிறது.

அந்த ஜனங்களைச் சுற்றி இருந்தவர்கள் என்ன நம்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாபிலோனியரின் சிருஷ்டிப்புக் கதையில் மார்துக் என்ற தேவன் தியாமாத் என்பவளைப் போரில் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தை உண்டாக்குகிறான், தேவர்களின் பாடுகளைச் சுமக்க மனுஷன் உண்டாக்கப்படுகிறான். சூரியனும் சந்திரனும் அங்கே கும்பிடப்படும் தெய்வங்கள். இதற்கு நடுவே ஆதியாகமத்தை வாசித்துப் பாருங்கள். போர் இல்லை, பிணம் இல்லை, ஒரு குரல் பேசுகிறது, உண்டாகிறது. சூரிய சந்திரருக்குப் பெயர்கூடச் சொல்லாமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்று விளக்குகளாக மாட்டிவிடுகிறது. மனுஷன் அடிமையாக இல்லாமல் தேவசாயலாக நிற்கிறான், ஆணும் பெண்ணுமாக. சிறைப்பட்டு அந்நிய ராஜாவுக்குக் கீழே கிடந்த ஜனத்துக்கு இந்த வார்த்தை எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்! பாறையின் வயதைக் கேட்டு இதே அதிகாரத்திடம் வந்தால் இந்தப் பெரிய சங்கதி எல்லாம் காதில் விழாமலே போய்விடும்.

டார்வினுக்குப் பயந்து பிற்காலத்தார் செய்த சமாளிப்பு என்று இதை யாரும் தள்ளிவிட முடியாது. மூன்றாம் நூற்றாண்டிலேயே வேத அறிஞர் ஓரிகன், சூரியன் இல்லாமல் சாயங்காலமும் விடியற்காலமும் இருந்ததாகப் புத்தியுள்ள எவன் எண்ணுவான் என்று கேட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்தீன், அந்த நாட்கள் நம் நாட்கள் போன்றவை அல்ல என்று எழுதியதோடு, வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களில் கிறிஸ்தவன் வேதத்தின் பேரைச் சொல்லித் தவறாகப் பேசினால், மறுமையைப் பற்றி வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்றும் எச்சரித்தார். 1,600 வருஷம் கழித்தும் அந்த எச்சரிக்கை நமக்குத் தேவைப்படுகிறது. டைனோசரில் முதன்முதலாக அறிவியல் முறைப்படி பெயர் பெற்ற மெகலோசாரஸை 1824-இல் விவரித்த வில்லியம் பக்லண்டும் ஆங்கிலிக்கன் குருவானவர்தான்.

எதிர்ப் பக்கமும் ஒரு ஆபத்து உண்டு. பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, அதிலிருந்து விரிந்தது என்கிற பெருவெடிப்புக் கொள்கையைச் சொல்லி, பார், ஆதியாகமம் நிரூபணமாகிவிட்டது என்று குதிப்பது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறதே, அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அந்தச் சரிவு நம் அட்சரேகையான 11 டிகிரிக்கு ஒத்து இருப்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் வேலையைத் தொடங்கிய அது, ரேடியோ அலைகளை வீசும் தூரத்து வான்பொருள்களைச் சந்திரன் மறைக்கும் நேரத்தைக் கவனித்து அவற்றின் அளவைக் கணித்தது. பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரி இருந்தது என்ற கொள்கை ஒரு பக்கம், பெருவெடிப்பு ஒரு பக்கம் என்று வாதம் நடந்த நாட்களில், 1975-இல் ஸ்வரூப்பும் கபாஹியும் வெளியிட்ட முடிவுகள் பெருவெடிப்புக்குச் சாதகமாக நின்றன. நம் உருளைக்கிழங்குக் காடுகளுக்குப் பக்கத்தில் நடந்த வேலை இது, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அறிவியலின் இந்தக் கண்டுபிடிப்பைச் சிருஷ்டிப்போடு சேர்த்துப் பேசியபோது, லெமைத்ருக்கே அது பிடிக்கவில்லை. தன் கொள்கை மதக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. அறிவியல் கொள்கை நாளைக்குத் திருத்தப்படலாம், விசுவாசத்தை அதில் கட்டி வைத்தால் அதுவும் சேர்ந்து ஆடும்.

இனி இரண்டு கேள்விகள், நானும் லேசாக எடுத்துக்கொள்ளாதவை. பாவத்தால் மரணம் வந்தது என்றால் ஆதாமுக்கு முன்னால் டைனோசர் எப்படிச் செத்தது? ரோமர் 5-ஐத் திறந்து பாருங்கள், பவுல் பேசுவது எல்லா மனுஷருக்கும் வந்த மரணத்தை. மிருகங்களின் சாவு அங்கே வரவில்லை. சங்கீதம் 104-இலோ, பாலசிங்கங்கள் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் இரை தேடுவது அவருடைய பராமரிப்பின் பகுதியாகவே பாடப்படுகிறது. முதுமலையில் புலி மானை அடிப்பதைச் சாபம் என்று அந்தச் சங்கீதக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

ஆதாம் யார் என்பது இதைவிடக் கடினம். ஒரு பெரிய மனிதக் கூட்டத்திலிருந்து தேவன் அழைத்து உடன்படிக்கை செய்த நிஜ மனிதர் என்று சிலர் நம்புகிறார்கள், மனுஷகுலம் முழுவதையும் குறிக்கும் சித்திரம் என்று சிலர். இரண்டு பக்கமும் ஜெபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மனிதக் கூட்டம் ஒரே ஒரு தம்பதியிலிருந்து சில ஆயிரம் வருஷத்துக்கு முன் வந்ததற்கு நம் மரபணுக்களில் இடமில்லை, அதனால் மூன்றாவதாக ஒன்றை நான் கற்பிப்பதில்லை. முதலாவதன் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. தேவசாயல் என்பது உடம்பு எந்த வழியாக வந்தது என்பதில் அடங்கவில்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் அந்த அதிகாரமே மிருகங்களைப் பிறப்பிக்கும்படி பூமிக்குக் கட்டளை கொடுக்கிறது, அடுத்த அதிகாரம் மனுஷனை அதே பூமியின் மண்ணிலிருந்து எடுக்கிறது.